சுவர்ப்பக்கத்து ஸ்டூல்

17 பிப்ரவரி 2025, திங்கள்

இன்றைய தவறு: தென்னரசு கையிலிருந்து கைப்பிடியை மறுபடியும் வாங்கிவிட்டேன். வாங்கினேன் என்று எழுதுவது சரியில்லை. பிடுங்கினேன்.

மாலை வகுப்பில் ராஜாமணி சார் எங்கள் எல்லோரையும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் செய்த வேலை, அதில் செய்த தவறு, மறுநாள் வேலை. இவ்வளவு இருந்தால் போதும், கவிதையெல்லாம் வேண்டாம் என்றார். திண்டிவனத்தில் வேலை முடிந்து ரயிலேறி விழுப்புரம் வந்தால், வகுப்பு தொடங்கக் கொஞ்சம் நேரம் இருக்கும். அந்த நேரத்தில் எழுதுகிறேன். மின் மேற்பார்வையாளர் தேர்வுக்கான வகுப்பு இது. நான் ஒருத்திதான் பெண் என்பதால் கடைசி பெஞ்ச் முழுதாக எனக்கே கிடைக்கிறது.

வேலை, குமரேசன் அண்ணனுடைய மோட்டார் வைண்டிங் கடையில். கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார் என்று எது எரிந்துபோனாலும் எங்களிடம் வரும். எரிந்த செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைக் காயில் காயிலாகச் சுற்றி, மோட்டாரின் உள்பக்கப் பள்ளங்களில் இறக்கிக் கட்ட வேண்டும். நான் பில் எழுதத்தான் அங்கே சேர்ந்தேன். அப்போதிருந்த வைண்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அவர் வேறு வேலைக்குப் போனதும் அவர் இடத்தில் உட்கார்ந்தேன். எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. அதனால்தான் எனக்கும் சொல்லித்தர வரவில்லையோ என்னவோ. இது காரணமா, சாக்கா என்று தெரியவில்லை.

தென்னரசு கிளியனூர்ப் பையன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்தவன். எங்கள் கடைக்கு வந்திருக்கும் முதல் அப்ரண்டிஸ் அவன். இன்னும் அப்ரண்டிஸ் என்றுகூடச் சொல்ல முடியாது. இரண்டு மாதம் பார்த்துவிட்டுத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவேன் என்று அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த இரண்டு மாதம் இந்த வாரத்தோடு முடிகிறது.

காலையில் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இன்னா வெனிலா, தேறுவானா உன் சிஷ்யன்?"

"கை கொஞ்சம் லேட்டு அண்ணே."

"கொஞ்சமா? அவன் ஒரு காயில் சுத்தறதுக்குள்ள நான் பாண்டிச்சேரி போய்ட்டு வந்துடுவேன். சனிக்கிழமைக்குள்ள நீ ஒண்ணு சொல்லு. தேறுவான்னா பேப்பர்ல கையெழுத்துப் போடறேன், ஒரு வருஷம் இருக்கட்டும். தேறமாட்டான்னா இப்பவே அனுப்பிடலாம். அவன் மாமன் சென்னைக்கு வரச் சொல்லிக்கினு கீறானாம், ஏதோ குடோன்ல மூட்டை ஏத்துற வேலைக்கு."

அதாவது, நான் சொல்லப்போவதை வைத்து அவன் மோட்டார் கற்பானா, மூட்டை தூக்குவானா என்பது முடிவாகும். எனக்கு அது பிடிக்கவில்லை. அதை முடிவு செய்ய நான் யார் என்று தோன்றியது.

வேர்க்கடலை போட்டிருக்கும் முருகையன் என்ற விவசாயி ஐந்து எச்.பி. கிணற்று மோட்டாரைக் கொண்டுவந்திருந்தார். "மல்லாட்டை பூ எடுத்துருக்குதும்மா. இப்ப தண்ணி இல்லன்னா பொட்டைக் காயாப் போய்டும். ஜல்தி பண்ணிக் குடு" என்றார். வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருக்கிறோம். அவருக்குத் தென்னரசு டீ கொடுத்தான். இடது கையால் நீட்டினான். அண்ணன் அங்கேயே திட்டினார்: "டேய், பெரியவருக்கு பீச்சாங்கையாலயா குடுப்ப? சோத்தாங்கையால குடுடா." அவன் சட்டென்று கை மாற்றியதில் டீ கொஞ்சம் சிந்தியது. கவனமில்லாத பையன் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அந்த மோட்டாருக்கு ஆறு செட் காயில் வேண்டும். பின் அறையிலிருக்கும் கைமெஷினில் தென்னரசை உட்காரவைத்தேன். கைப்பிடியைச் சுற்றினால் சட்டத்தில் கம்பி ஏறும். அவன் சுற்றச் சுற்றக் கம்பி தளர்ந்தது. ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "தள்ளு, நான் காட்டறேன்" என்று கைப்பிடியைப் பிடுங்கினேன்.

நான்கு செட் ஆன பிறகு அவன் சொன்னான்: "அக்கா, காட்டறேன்னு சொல்லிட்டு நாலு செட்டைச் சுத்திட்டீங்க. மீதி ரெண்டாவது எனக்கு வுடுங்க."

எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. விட்டுவிட்டு வந்தேன்.

நாளை: அவன் சுற்றி வைத்திருக்கும் இரண்டு செட்டைப் பார்க்க வேண்டும். சரியில்லை என்றால் அவனையே அவிழ்த்துச் சுற்றச் சொல்ல வேண்டும். நான் சுற்றக் கூடாது.

18 பிப்ரவரி, செவ்வாய்

காலையில் பின் அறைக்குப் போனபோது ஸ்டூல் மேசைக்கு அந்தப் பக்கம், சுவர் ஓரமாகக் கிடந்தது. பெருக்கியவர்கள் நகர்த்தியிருப்பார்கள். வழக்கம்போல வாசல் பக்கம் இழுத்துப் போட்டேன். பொருள் அதனதன் இடத்தில் இல்லாவிட்டால் எனக்கு வேலை ஓடாது.

இரண்டு செட்டும் ஆணியில் தொங்கின. நன்றாக இருந்தன. என்னுடையவற்றைவிட இறுக்கமாக, வரிசை கலையாமல் இருந்தன. எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி இல்லை, சந்தேகம்.

"அண்ணே, நேத்து சாயங்காலம் நீங்க உக்காந்தீங்களா மெஷின்ல?"

"எனக்கு வேற வேலை இல்லியா? நான் மயிலம் போய்ட்டேன்."

தென்னரசைக் கேட்டேன். "நான்தாங்கா" என்றான். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பகல் முழுவதும் காயில்களைப் பள்ளங்களில் இறக்கினோம். ஒவ்வொரு செட்டிலும் தொடங்கும் முனைக்கு மஞ்சள் உறை, முடியும் முனைக்குச் சிவப்பு உறை. இணைக்கும்போது எந்த முனை எது என்று குழம்பாமல் இருக்க நாங்கள் வைத்திருக்கும் பழக்கம். இன்று அவன் கையிலிருந்து எதையும் பிடுங்கக் கூடாது என்று வார்னிஷ் டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அதைக் கீழ வைங்கக்கா, கை வலிக்கும்."

"வலிக்கட்டும். உனக்கு நல்லதுதான்."

புரியாமல் சிரித்தான். நான் பக்கத்தில் நின்றால் அவன் கை இன்னும் தடுமாறுகிறது. என்னைப் பார்த்துப் பயப்படுகிறானா? என்னைப் பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது? நான் அண்ணனைப்போலக் கத்துவதுகூட இல்லை.

நாளை: முனைகளை இணைத்து, வார்னிஷ் அடிக்கும் முன்பு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது.

19 பிப்ரவரி, புதன்

மோட்டார் ஓடவில்லை.

ஸ்விட்ச் போட்டதும் உறுமியது. தண்டு ஆடியதே தவிரச் சுற்றவில்லை. ஆம்பியர் முள் கடைசிவரைக்கும் போனது. உடனே அணைத்துவிட்டேன், கம்பி எரியவில்லை. வார்னிஷ் காய்ந்து இறுகிவிட்டால் காயிலைப் பிரிக்க முடியாது. அதை அடிக்காதது நல்லதாகப் போயிற்று.

அண்ணன் முன் அறையிலிருந்தே சத்தத்தைக் கேட்டுவிட்டார். வந்து நின்றார்.

"இதுல அவன் சுத்தினது எத்தினி?"

"ரெண்டு செட்."

"அந்த ரெண்டையும் புடுங்கிப் போடு. இதுக்குத்தான் சொல்றது, வேலை தெரிஞ்ச ஆளா எடுக்கணும்னு. ஊட்டு வேலை கத்துக்குடுக்கற மாதிரி கத்துக்குடுத்துக்கினு இருந்தா கஸ்டமருக்கு யார் பதில் சொல்றது? ஏம்ப்பா, மாமன் எப்ப வரச் சொன்னாரு?"

"ஞாயித்துக்கெழமை சார்" என்றான் தென்னரசு.

"சனிக்கிழமை வரைக்கும் இன்னாத்துக்கு? நாளைக்கே கணக்கு முடிச்சிக்க."

அவன் கத்திரி, உறைகள், நூல்கண்டு எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினான். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தான். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

"அண்ணே, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க. இன்னா ஆச்சுன்னு பாத்துட்டு நானே சொல்றேன். காயில் நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

"நல்லா இருந்தா ஏன் உறுமுது?"

கேட்டுவிட்டு அண்ணன் போய்விட்டார். எனக்கு நேரம் கிடைத்ததா இல்லையா என்றுகூட அவர் சொல்லவில்லை.

இப்போது ராஜாமணி சார் வருகிறார். வகுப்பு முடிந்ததும் அவரைக் கேட்க வேண்டும்.

20 பிப்ரவரி, வியாழன்

நேற்று சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் குறிப்பேட்டை வாங்கி, போன மாதப் பக்கத்தைத் திறந்து காட்டினார். மோட்டாருக்குள் பேட்டரி மின்சாரம் விட்டு, திசைகாட்டியை உள்ளே மெல்ல நகர்த்தினால், எதிரெதிர் செட்டுகளில் முள் வடக்கு, தெற்கு என்று மாறிக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டாவிட்டால் ஏதோ ஒரு செட் தலைகீழாக இருக்கிறது. வண்ணப் பென்சிலால் அழகாகப் படம் போட்டிருக்கிறேன்.

"படம் போட்டியே, பண்ணிப் பாத்தியா?" என்றார்.

"கடையில திசைகாட்டி இல்ல சார்."

"இந்தா. வெள்ளிக்கிழமை திருப்பிக் குடுத்துடு. தொலைச்சிட்டு வராதே."

போன மாதம் அந்தப் படத்துக்கு நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஐந்து வருடமாக மோட்டார் சுற்றுகிறேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு இதுவரை தோன்றவில்லை.

காலையில் தென்னரசு வருவானா என்று பயந்துகொண்டே போனேன். வந்திருந்தான். "கணக்கு முடிக்கத்தான் வந்தேன்" என்றான். "முடிக்கலாம், முதல்ல பேட்டரியைப் புடி" என்றேன். அவன் பேட்டரி ஒயரைப் பிடிக்க, நான் திசைகாட்டியை நகர்த்தினேன். மோட்டாருக்கு வரும் மூன்று மின்வழிகளுக்கு, ஃபேஸ் என்போம், இரண்டிரண்டு செட். ஒரு ஃபேஸில் முள் சரியாகத் திரும்பியது. மற்ற இரண்டு ஃபேஸிலும் எதிரெதிர் செட்டுகளில் ஒரே பக்கமே காட்டியது. இரண்டு ஃபேஸிலும் ஒவ்வொரு செட் தலைகீழ். இரண்டுமே அவன் சுற்றியவை.

"அப்ப என் தப்புதான்" என்றான்.

"இரு. உறையெல்லாம் சரியாத்தான் போட்டுருக்குற. மஞ்சளும் செவப்பும் மாறல. சுத்தினதே எதிர்ப்பக்கமா சுத்தியிருக்குற. ஒரு செட் சுத்திக் காட்டு."

பழைய கம்பியில் சுற்றினான். அதே தளர்ச்சி, அதே தடுமாற்றம். ஆனால் திசை என்னுடைய திசைதான். எதிர்ப்பக்கம் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் திசைகாட்டியைத் தவறாகப் படித்தேனோ என்று மறுபடியும் வைத்துப் பார்த்தேன். அதே தலைகீழ்தான்.

அப்போதுதான் ஸ்டூல் நினைவுக்கு வந்தது. நாட்குறிப்பை எடுத்துச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் பார்த்தேன். சுவர் ஓரம் என்று எழுதியிருந்தேன்.

"திங்கக்கெழமை சாயங்காலம் எப்படி சுத்துனியோ அப்படி சுத்து."

"இப்படித்தாங்கா."

"பொய் சொல்லாத. ஸ்டூல் ஏன் சுவர்ப்பக்கம் போச்சு?"

அவன் முன் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். அண்ணன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்டூலைத் தூக்கிச் சுவர்ப்பக்கம் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்து, இடது கையால் கைப்பிடியைப் பிடித்தான். ஒரு சீராகச் சுற்றினான். கம்பி இறுக்கமாக, வரிசையாக ஏறியது. நான் சுற்றும் வேகத்துக்கு அது குறைவில்லை. கூட என்றுதான் எழுத வேண்டும்.

"உனக்குப் பழக்கம் பீச்சாங்கையா?"

"எழுதறது, சாப்பிடறது சோத்தாங்கைதாங்கா. ஸ்கூல்ல அடிச்சி மாத்திட்டாங்க. சுத்தியல், கத்தி புடிக்கறதெல்லாம் இதுலதான் வரும்."

"ரெண்டு மாசமா ஏன் சொல்லல?"

"நீங்கதானே மொத நாள், நான் எப்படி புடிக்கறனோ அப்படியே புடின்னு சொன்னீங்க."

சொன்னேன். அதுவும் நன்றாக நினைவிருக்கிறது. அந்த வைண்டர் எனக்கு அப்படிக்கூடச் சொன்னதில்லை என்பதால், நான் ரொம்ப நல்ல ஆசிரியை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் மேசையோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கிறது, திருப்பிவைக்க முடியாது. வாசல் பக்கம் உட்கார்ந்தால் கைப்பிடி வலது கைக்கு வரும். சுவர்ப்பக்கம் உட்கார்ந்தால் இடது கைக்கு. இரண்டு பேருமே கைப்பிடியை முன்னால் தள்ளித்தான் சுற்றுகிறோம். எதிரெதிரே உட்கார்ந்து தள்ளினால் சட்டமும் எதிரெதிராகத்தானே சுற்றும். அவனே ஆறு செட்டையும் சுற்றியிருந்தால் எல்லாம் ஒரே பக்கமாக இருந்திருக்கும், மோட்டார் ஓடியிருக்கும். நானே சுற்றியிருந்தாலும் ஓடியிருக்கும். நான் பாதியில் பிடுங்கிப் பாதியில் விட்டதால்தான் ஓடவில்லை.

இதை நான் சொன்னதும் அவன் யோசித்துவிட்டு, "அப்ப அந்த ரெண்டு செட்டைப் புடுங்க வேணாங்கா. மஞ்சளையும் செவப்பையும் மாத்திப் புடிச்சா போதும்ல?" என்றான்.

எனக்கு முன்னால் அவனுக்குத் தோன்றியது. இதை எழுதும்போதும் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

இணைப்பைப் பிரித்து, மாற்றிப் பற்றவைத்து, உறை போட்டான். இடது கையாலேயே செய்தான். நான் திசைகாட்டியை இரண்டு கைக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டேன். ஸ்விட்ச் போட்டதும் மோட்டார் சத்தமில்லாமல் சுற்றியது. ஆம்பியர் முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. வார்னிஷ் அடித்துக் காய வைத்திருக்கிறோம்.

அண்ணனிடம், ஓடுகிறது என்று மட்டும் சொன்னேன். "ரெண்டு செட்டையும் மாத்திட்டியா?" என்றார். முனை மாற்றினோம் என்றேன். கடையில் ஆட்கள் இருந்ததால் மேலே பேச முடியவில்லை. முடியவில்லையா, தைரியம் வரவில்லையா? கணக்கு முடிப்பதைப் பற்றி அவரும் பேசவில்லை, தென்னரசும் கேட்கவில்லை.

நாளை: மோட்டாரை முருகையனிடம் கொடுப்பது. அண்ணனிடம் முழுவதையும் சொல்வது. வாக்கியத்தை ரயிலிலேயே தயார் செய்துகொள்ள வேண்டும்.

21 பிப்ரவரி, வெள்ளி

ரயிலில் தயார் செய்த வாக்கியம் உதவவில்லை.

முருகையன் காலையிலேயே வந்துவிட்டார். ஓட்டிக் காட்டினோம். தண்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். டெம்போவில் ஏற்றும்போது, "போன தடவை பண்ணினது ஒரு வருஷங்கூட வரல. இது எத்தினி நாளைக்கு வரும்?" என்று கேட்டார். "வோல்டேஜ் சரியா வந்தா நெறைய நாள் வரும்" என்றார் அண்ணன். "அது வந்தா நான் ஏன் இங்க வர்றேன்" என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

டெம்போ போனதும் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு. தேறுவானா?"

"தெரியல அண்ணே."

"இன்னாது?"

"அவன் ஒரு மோட்டாரை முழுசாப் பண்ணி நான் பாத்ததில்ல. நான் பண்ண வுடல. ஒவ்வொரு தடவையும் பாதியில வாங்கிட்டேன்."

"அப்ப ரெண்டு மாசமா ரெண்டு பேரும் இன்னாதான் பண்ணிக்கினு இருந்தீங்க?"

அதற்குப் பிறகு வரிசையில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். திசைகாட்டி, ஸ்டூல், இடது கை, முனை மாற்றும் யோசனை யாருடையது என்பதெல்லாம். அண்ணன் பின் அறைக்குப் போய், "சுத்துடா பாப்போம், உன் கையால" என்றார். தென்னரசு என்னைப் பார்த்தான். ஸ்டூலைச் சுவர்ப்பக்கம் போட்டான். ஒரு செட் முடியும்வரை அண்ணன் நின்று பார்த்தார்.

"கை நல்லாத்தான் வருது" என்றார். பிறகு, "ஆனா ஒரே கடையில ஒருத்தர் இப்படி, ஒருத்தர் அப்படின்னா தெனமும் பேஜாரு. நான் எந்த மோட்டாரைன்னு நம்பறது?"

"ஒரு மோட்டாரை ஒருத்தரே பண்ணணும் அண்ணே. ஆரம்பிச்சவங்கதான் முடிக்கணும். நடுவுல மத்தவங்க கை வைக்கக் கூடாது. அது எனக்கும் சேத்துதான்."

"கத்துக்கினு பக்கத்துக் கடைக்குப் போய்ட்டான்னா?"

"போலாம். நான்கூடத்தான் போலாம். நான் இங்கதானே கத்துக்கினேன்?"

சொன்ன பிறகுதான் அது மிரட்டல் மாதிரி இருப்பது தெரிந்தது. அப்படி நினைத்துச் சொல்லவில்லை. நான் மாலை வகுப்புக்குப் போவது அண்ணனுக்குத் தெரியும். எதற்குப் போகிறேன் என்று அவர் கேட்டதில்லை.

"தேறுவானான்னா தெரியலன்ற. கையெழுத்து மட்டும் போடுன்ற."

"தெரிஞ்சிக்கறதுக்குத்தானே அண்ணே அந்த ஒரு வருஷம்."

அவர் முன் அறைக்குப் போனார். போன் பேசினார், ஒருவரிடம் பணம் வாங்கினார், சாமி படத்துக்கு ஊதுவத்தி மாற்றினார். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு, "அந்தப் பேப்பரைக் கொண்டா" என்றார். ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். தென்னரசிடம் நீட்டும்போது, "கஸ்டமருக்கு டீ மட்டும் சோத்தாங்கையால குடு. மத்தது உன் இஷ்டம்" என்றார்.

தென்னரசு வலது கையால் கையெழுத்துப் போட்டான். பள்ளியில் மாற்றியது அதற்குத்தான் உதவியது என்று நினைக்கிறேன். வெளியே போய் மாமாவுக்குப் போன் செய்தான். "இல்ல மாமா, வரல... இங்கதான்... ஆமா, மோட்டார்தான்... மூட்டைக்கு வேற ஆளைப் பாத்துக்கங்க" என்று சொல்வது உள்ளே கேட்டது. மாமா என்ன சொன்னாரோ, திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது. ஆனால் விசிலடித்துக்கொண்டுதான் வந்தான்.

இன்றைய தவறு: அவன் ஒயரின் முனையைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கத்தியை வாங்க என் கை நீண்டது. "அக்கா" என்றான். இழுத்துக்கொண்டேன். இது தவறா, பாதித் தவறா என்று சாரிடம் கேட்கத் தேவையில்லை.

நாளை: மயிலம் மாவு மில் மோட்டார். தென்னரசு பிரிப்பது முதல் ஓட்டிப் பார்ப்பது வரை தனியாகச் செய்வான். ஸ்டூல் சுவர்ப்பக்கம் இருக்கும். நான் முன் அறையில் உட்கார்ந்து பழைய செம்புக் கம்பியை எடைபோட்டுக் கட்ட வேண்டும். சாருடைய திசைகாட்டியை இன்று வகுப்பில் திருப்பிக் கொடுத்துவிடுவதால், கடைக்கென்று ஒன்று வாங்க வேண்டும்.